தேர் வடம் பிடித்த பையன்

என் மகன் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். மருமகளுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏன் அத்தை, அது என்ன உங்களக் கடிக்கவா போகுது?" என்பாள். சொல்லிவிட்டு அடுப்பில் பருப்பைத் தீயவிட்டு, கையில் அகப்பையோடு நிலைப்படியில் நின்று வாய் பிளந்து பார்ப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. பக்கத்தில் பிள்ளை அழுதாலும் விழாது. அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது பெட்டி கிடையாது, ஒரு வெள்ளைத் துணிதான் இருந்தது. அந்தத் துணி என் அம்மாவை என்ன செய்தது என்று எழுதி வைத்துவிடுகிறேன். கிழவி ஏன் முதுகைக் காட்டுகிறாள் என்று கேட்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். இரண்டு பேரும் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வரும்போது அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன் இருந்தான். எனக்கு அண்ணன். புறப்படுகிற நேரம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரப் பிள்ளையை, கப்பலேறுமுன் நோய் பார்க்கிற மண்டபம் கேம்ப்பில் தடுத்து வைத்துவிடுவார்கள், உங்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆள் கட்டி வந்த கங்காணி பயமுறுத்தினான். அதனால் பிள்ளையை அப்பாவின் அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு வருசத்தில் வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கப்பல் ஏறிவிட்டார்கள். அந்த வருசத்துக்குள்ளேயே நான் பிறந்தேன். நான் பிறந்தேன். போகவே இல்லை.

எனக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு கடுதாசி வந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. அதைப் பார்த்தவுடனேயே அம்மா தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். கணக்கப்பிள்ளை வாசித்தார். பையன் வாந்திபேதியில் போய்விட்டான், அன்றைக்கே எடுத்துவிட்டோம், அவ்வளவுதான் விசயம். துக்கக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் சனங்களின் வழக்கம். படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா அப்படியே செய்தார். நாலாய்க் கிழித்து வாசலோரத்துச் சாக்கடைக் கானில் போட்டார், மழைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அம்மா அந்தக் காகிதத்தைக் கையால் தொடக்கூட இல்லை.

அம்மா ஆறு மாதம் அழுதாள் என்று லயத்தில் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா சொல்லியிருக்கிறாள். பிறகு எழுந்தாள், கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனாள். எனக்கு நினைவு தெரிந்த அம்மா அழுகிறவள் இல்லை. சத்தமாய்ப் பேசுவாள், சத்தமாய்ச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மடியில் கவிழ்த்துப் போட்டு ஈர் இழுப்பாள். "அடி ஆத்தே, இது தலையா, காடா?" என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பாள். அந்தக் குட்டுக்காகவே நான் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒன்பது வயது வரைக்கும் எங்கள் காம்பராவில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆறிப்போன புண்ணைச் சுரண்ட வந்தான் ஒரு கூடாரக்காரன்.

கடைத்தெருவுக்குக் கீழே ஆற்றோரத்து வெளியில் கூடாரம் போட்டிருந்தான். மாட்டுவண்டியில் தப்படித்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாய் "பயஸ்கோப்பு, பயஸ்கோப்பு" என்று கத்திக்கொண்டு போனார்கள். படம் நகரும், மனுசன் நடப்பான், குதிரை ஓடும் என்றார்கள். சனம் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே லயம் காலி. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மூன்று மைல் இறங்கிப் போனோம். எங்களோடு நோயாளிகள்கூட நடந்து வந்தார்கள். கதிர்காமத்துக்குப் போவதுபோல ஒரு பக்தி.

கூடாரத்துக்குள் தோட்டத்துச் சனத்துக்குத் தரை. கிராமத்துச் சிங்கள ஆட்களுக்குப் பின்னால் பலகை. முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வெளியில் எஞ்சின் ஒன்று தடதடவென்று கத்திக்கொண்டே இருந்தது. படத்தில் பேச்சு கிடையாது. அதனால் கூடாரக்காரன் கையில் ஒரு பிரம்போடு துணிக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலில் கதை சொல்லுவான். எண்ணெய் வழிகிற கிராப்பு, கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு, வாயெல்லாம் பல். கட்டையில போறவன், இன்றைக்கும் அவன் முகம் எனக்கு அப்படியே இருக்கிறது.

முதலில் ஒரு தடியன் வழுக்கி வழுக்கி விழுந்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். பிறகு ஒரு ராசா கதை. அது முடிந்து அடுத்த கதைக்கு முன்னால், இடத்தை நிரப்புகிறதுக்கென்று ஒரு சின்னத் துண்டுப் படம் போட்டான். தேர்த் திருவிழா. ஒரு கோயில் தெரு, தேர், ஏராளமான சனம். தேர் வடத்தை ஒரு கூட்டம் இழுத்துக்கொண்டு நம்மைப் பார்த்து வருகிறது. அதில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன். பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். மொட்டைத் தலை, ஒட்டிய வயிறு. வடத்தை இழுத்தபடியே நம் பக்கம் திரும்புகிறான், கண்ணைச் சுருக்குகிறான், மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்கிறான், சிரிக்கிறான். அவ்வளவுதான். மூச்சை ஐந்து தடவை இழுத்து விடுவதற்குள் அவன் போய்விடுவான்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு வலித்தது, "அம்மா, வுடு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

"ஏங்க! ஏங்க, நம்ம புள்ளைங்க!"

அப்பா ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா துணியைக் காட்டிக் கத்தினாள். "நம்ம பெரியவன்! தோள்ல மூக்கத் தொடைக்கிறான் பாருங்க! அவனேதான்!" அதற்குள் படம் முடிந்து வெறும் வெளிச்சம் அடித்தது. பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா முந்தானையால் விசிறினாள்.

நான் கேட்கிறேன், மூக்கு ஒழுகுகிற பிள்ளை வேறு எங்கே துடைக்கும்? இரண்டு கையிலும் வடம். தோளில்தான் துடைக்கும். உலகத்தில் உள்ள அத்தனை பிள்ளைகளும் தோளில்தான் துடைக்கும். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எப்படி இருப்பான் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? ஆனால் இந்தக் கேள்வியை அன்றைக்கு அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. எனக்கும் ஓர் அண்ணன் கிடைத்துவிட்டான் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் அம்மா கூடாரக்காரனிடம் ஓடினாள். "ஐயா, அந்தத் தேரு எந்த ஊருங்க? தொறையூருங்களா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஆமா தாயி, தொறையூரேதான்" என்றான்.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா மறுபடி போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு, பிறகு பால் வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோரில் பாலைக் கொடுத்துவிட்டு நேரே கடைத்தெருவுக்கு இறக்கம். திரும்பி வரும்போது ஓலைப் பந்தம் பிடித்துக்கொண்டு வருவாள். ராத்திரிச் சோற்றை நான் ஆக்கினேன். குழைந்துபோனாலும் வெந்தும் வேகாமலும் இருந்தாலும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். முன்பென்றால் சட்டியையே தூக்கிக் காட்டித் திட்டுவாள். அந்தத் திட்டு இல்லாத சோறு எனக்கு இறங்கவில்லை.

அவள் மட்டும் போனால் பரவாயில்லை. எங்கள் சனத்தைப் பற்றித்தான் தெரியுமே. தேர்க் கூட்டத்தில் நூறு முகம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரில் விட்ட முகம் ஆளுக்கு நாலு இருக்கிறது. மூன்றாம் நாள் கீழ் லயத்து ஆள் ஒருவர், குடை பிடித்துக்கொண்டு நிற்பவர் தன் தம்பி என்றார். நாலாம் நாள் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற ஆயாவுக்கு, தேருக்குப் பக்கத்தில் கும்பிட்டு நிற்கும் பெண் தன் தாயாகத் தெரிந்தாள். தாய் செத்துப் பதினைந்து வருசம் ஆகியிருந்தது, அதனால் என்ன? கூடாரக்காரனிடம் இவர்கள் எல்லோரும் போய்க் கேட்டார்கள். சேலத்துக்காரருக்குச் சேலம் என்றான், புதுக்கோட்டைக்காரிக்குப் புதுக்கோட்டை என்றான். அவன் கெட்டிக்காரன். முதலில் இடத்தை நிரப்பப் போட்ட துண்டுப் படத்தை இப்போது கடைசிக்குத் தள்ளி, இரண்டு தடவை ஓட்டினான். "உங்க சாதிசனம் வருது, உங்க ரத்தம் வருது, கண்ணத் தொறந்து பாத்துக்குங்க" என்று தகரக் குழலில் கூவுவான். பெண்கள் ஓவென்று அழுவார்கள். பின்னால் பலகையில் இருந்த சிங்கள ஆட்கள், "அனே பவ்" என்று இரக்கப்படுவார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது, அழுகையைப் பார்த்து அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை சண்டையே வந்துவிட்டது. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவனைத் தன் மச்சான் என்று ஒருவர் சொன்னார், தன் சித்தப்பா என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புரண்டார்கள். பெண்டாட்டிமார் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த இரண்டு குடும்பம், அந்த இரண்டு பேரும் கண்ணை மூடுகிற வரைக்கும் முகம் பார்க்கவில்லை. எவனோ முன்பின் தெரியாத ஒருவனுக்காக! அவன் தன் பாட்டுக்குக் கட்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான்.

அம்மா இந்தச் சண்டைகளில் சேரவில்லை. அவளுக்கு ஒரே முகம்தான். மரத்தடியிலும் அதே முகம்தான் போல. பால் வெட்டுகிறவளுக்குக் கை நிதானம் வேண்டும். பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும்; கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் முண்டு விழும், பால் வராது. அம்மாவின் வெட்டைத்தான் புது ஆட்களுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். அவள் அந்த ஒரு வாரத்தில் பதினோரு மரத்தைக் காயப்படுத்தினாள். வெட்டுக் கங்காணி அப்பாவைக் கூப்பிட்டு, "உம் பொஞ்சாதிக்கு என்னப்பா வந்துச்சு? தொர பார்த்தா என் தலையில்ல போகும்" என்று கத்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். அம்மா அடுத்த மரத்தில் சிரட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் வீட்டில் வெடித்தது.

"அவன் செத்துட்டான்" என்றார் அப்பா. "கடுதாசி வந்துச்சு. நீயும்தானே கேட்ட."

"எங்க அந்தக் கடுதாசி? எடுங்க பார்ப்போம்."

அப்பா வாசலில் கான் இருந்த பக்கம் பார்த்தார்.

"படிச்ச ஒடனே கிழிச்சுப் போட்டீங்க. எம்புள்ள பேரு அதுல இருந்துச்சான்னு யாரு பார்த்தா? கணக்கப்புள்ள சொன்னாரு, நீங்க கிழிச்சீங்க, நா அழுதேன். வேற வீட்டுக் கடுதாசியா இருந்தா? வேற புள்ளயா இருந்தா?"

"அடி பைத்தியக்காரி, அக்கா எழுதின கடுதாசிடி அது!"

"அப்ப காட்டுங்க."

காட்ட எங்கே இருக்கிறது? வழக்கப்படி செய்தார் மனுசன். பிணத்தையும் பார்க்காதவளுக்கு, கடுதாசியையும் பார்க்காதவளுக்கு, இப்போது பார்ப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. கண்ணால் பார்த்தது பெரிதா, காதால் கேட்டது பெரிதா என்று அவள் கேட்டாள். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடுதாசி கிழிக்கிற அந்த வழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு துக்கக் கடுதாசியையும் நான் கிழித்தது கிடையாது. யார் என்ன சொன்னாலும் சரி.

அப்பா ஊரில் இருந்த தன் அக்காவுக்கு, என் பெரியத்தைக்குக் கடுதாசி எழுதச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் போனார். பதில் வர ஒரு மாதம் ஆகும். கூடாரம் அதுவரைக்கும் நிற்குமா?

திங்கட்கிழமை காலையில் ஆற்றோரம் வெறும் வெளியாய்க் கிடந்தது. குழி, சாம்பல், சாணி, அவ்வளவுதான். சனியன் தொலைந்தது என்று அப்பா சொன்னார். அம்மா அன்றைக்கு மத்தியானம் எனக்குத் தலை வாரிவிட்டாள், இறுக்கிப் பின்னினாள். சரியாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். மறுநாள் பெரட்டில் அவள் இல்லை. பாலெடுக்கிற வாளியும் கத்தியும் காம்பரா மூலையில் இருந்தன. மாற்றுச் சேலை இல்லை.

கடைத்தெருவில் அரிசி மூட்டைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாதான் விவரம் சொன்னார். "ஒங்கட பொஞ்சாதி காலையில கோச்சில ஏறினத நான் கண்ட. அந்தக் கூடாரம் ரத்னபுரிக்கிப் போயிட்டு. என்னத்துக்கு அழுறீங்க, போய்க் கூட்டி வாங்க" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அங்கேதான், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில்.

தலைக் கங்காணி அந்த வாரக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தார். "வேலைக்கு ரெண்டு பேரு இருந்தாத்தான் காம்பரா. ஞாயித்துக்கெழம கழிச்சு அவ பெரட்டுல நிக்கலைன்னா பேரை வெட்டிருவேன். காம்பராவைக் காத்துக்கிட்டு ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனால் என்னை யாரிடம் விடுவது? பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற பழக்கத்தை அவர் ஒரு தடவை பட்டு அனுபவித்துவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

சின்னக் கோச்சி ரயிலில் அவிசாவளை போய், வண்டி மாறி, ரத்னபுரி. அது எனக்கு முதல் ரயில். சன்னலுக்கு வெளியே வயல், கித்துல் பனை, ஆறு எல்லாம் ஓடின. எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. அதை அப்பாவிடம் கேட்கப் பயம். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குத் தெரியும். ரத்னபுரியில் கேட்டால், கூடாரம் இரண்டு நாள் நின்றுவிட்டு நிவித்திகலைக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கேயும் தோட்டங்கள் இருக்கின்றன, அங்கேயும் ஊரை விட்டு வந்த சனம் இருக்கிறது. அவனுக்கு எங்கே போனால் சனம் அழும் என்று தெரிந்துவிட்டதே. ஒரு லொறிக்காரர் சிங்களவர், அப்பா சிங்களத்தில் கெஞ்சியதைக் கேட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நான் அதை அம்மாவுக்கென்று மடியில் கட்டி வைத்துக்கொண்டேன்.

கூடாரத்துக்குப் பின்னால், மூன்று கல் வைத்து ஒரு பெரிய சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது. புகையை ஊதிக்கொண்டு குந்தியிருந்தவள் என் அம்மா. கூடாரக்காரனுக்கும் அவனுடைய நாலு ஆட்களுக்கும் ஆக்கிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆக்கிப்போட்டால் உள்ளே விடுவார்கள், ஒவ்வொரு ஆட்டமும் பார்க்கலாம். என் அம்மா, கங்காணியையே எதிர்த்துப் பேசுகிறவள், எவனோ ஒருத்தன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்! அதைப் பார்த்த அந்த நிமிசத்தை எழுதும்போது இப்போதும் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

"வாங்க" என்றாள் எங்களைப் பார்த்து, விருந்தாட்களைக் கூப்பிடுகிற மாதிரி. "சாப்பிட்டீங்களா?"

அப்பா அவளை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "வா புள்ள, போயிருவோம்" என்றார். "காம்பராவக் கேக்குறாங்க. இந்தப் பொண்ணு ஒண்டியா நிக்கிது. செத்ததத் தேடிக்கிட்டு நீ போனா, இருக்கிறதுக்கு யாரு?"

"நா எங்கயும் போகலைங்களே. தெனம் அவனைப் பாக்குறேன், அவ்வளவுதான். இன்னைக்கிச் சாயங்காலம் பாத்துட்டு வாரேன்."

"பாத்துட்டு வருவியா?"

"வாரேன்."

கூடாரக்காரன் பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தான். "நாங்க கூப்பிடலைங்க, அவங்களா வந்தாங்க. ஏதோ பெத்த மனசு, பாவம்னு விட்டேன்" என்றான். பெத்த மனசாம்! அவன் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா மறுநாள் எங்களோடு ரயிலேறி வந்தாள். பெரட்டில் நின்றாள், பேரை வெட்டவில்லை, காம்பரா தப்பியது. பெரியத்தையிடமிருந்து பதில் வந்தது, எந்தப் புளியமரத்தடியில் புதைத்தோம் என்றுகூட எழுதியிருந்தாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு முப்பது வருசம் இருந்தாள், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். பிறகு என்ன, எல்லாம் நல்லபடியாய் முடிந்ததே என்று கேட்பார்கள். நான் கோபப்படுவது அன்றைக்குச் சாயங்காலம் கூடாரத்துக்குள் நடந்ததற்கு.

நாங்கள் மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். அம்மா துணிக்குக் கிட்டே, முதல் வரிசையில். அவளுக்கு ஓர் இடம் இருந்தது, அந்த இடத்தை யாரும் எடுக்கவில்லை. நான் அவள் மடியில் ஒட்டிக்கொண்டேன். வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தரையில் வைத்துவிட்டாள். தடியன் வழுக்கி விழுந்தான். ராசா கதை ஓடியது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, துணியைத் துளைக்கிற மாதிரி காத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள், பார்ப்பதற்கு நான் இடைஞ்சல்.

தேர்ப் படம் வருவதற்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண் எழுந்து நின்றாள். "ஐயா, அது மதுரைங்களா? எங்க மாமன் அங்கதாங்க இருக்காரு."

"மதுரையேதான் தாயி!" என்று தகரக் குழலில் சொன்னான் அவன்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் எத்தனை நாளைக்குப் பிறகோ ஒரு வெளிச்சம். "கேட்டியா? மதுரைங்கிறான் பாரு! எல்லாருக்கும் ஒவ்வொரு ஊரு சொல்றான். கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் அம்மா. கண்ணைத் திருப்பவில்லை. "அவனுக்கு ஊரு பேரு தெரியாது. எம்புள்ளைய எனக்குத் தெரியும்."

அப்பாவின் முகம் அணைந்துபோயிற்று. அவர் எழுந்து வெளியே போனார். நான் போகவில்லை. படம் தொடங்கியது. கோயில் தெரு, தேர், சனம், வடம். அம்மாவின் மூச்சு மாறியது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு அது. ஈர் இழுக்கும்போது, காய்ச்சல் விட்டதும், நான் முதல் தடவை வாளி நிறையப் பால் கொண்டுவந்தபோது எனக்குத் தந்த சிரிப்பு. அதை ஒரு துணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள் என்னவோ வந்துவிட்டது. எழுந்து ஓடிப்போய்த் துணிக்கு முன்னால் நின்றேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை, ஒரே கூச்சம். என் நிழல் பின்னால் தேர்மீது விழுந்திருக்கும். என் சட்டையில், கையில், வயிற்றில் எல்லாம் சனம் ஊர்ந்தது.

"அம்மா! நா இங்க இருக்கேன்மா! என்னயப் பாரு!"

பலகைப் பக்கத்திலிருந்து "அயின் வெயன்! வாடிவெயன்!" என்று, என்னை விலகி உட்காரச் சொல்லிச் சிங்கள ஆட்கள் கத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கூடாரக்காரனின் பிரம்பு என் காலில் சுளீரென்று விழுந்தது. நான் அசையவில்லை. அம்மா எழுந்து வருவாள், என்னைத் தூக்கிக்கொள்வாள், அவனுடைய பிரம்பைப் பிடுங்கி உடைப்பாள் என்று நின்றேன். என்மேல் ஒருவன் கை வைத்தால் விடுகிறவள் இல்லை அவள்.

வெளிச்சத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அங்கிட்டுத் தள்ளுடி! எம்புள்ள மறையிறான்!"

நான் தள்ளி நின்றேன்.